கியோட்டோவில் ஒரே நாள், காலையில் காய்ச்சல்: போவதா, படுப்பதா?

ஜப்பானுக்கு ஏழெட்டு நாள் போகிற நம்மவர்கள் கியோட்டோவுக்குப் பெரும்பாலும் ஒரு நாள்தான் ஒதுக்குகிறார்கள். ஃபுஷிமி இனாரி, கியோமிசுதெரா, பொற்கோயிலான கின்காகுஜி, அராஷியாமா மூங்கில் காடு என்று நான்கையும் அந்த ஒரு நாளுக்குள் அடைத்து வைத்திருப்போம். அன்றைக்குப் பார்த்து எழுந்ததும் தொண்டை எரிகிறது, உடம்பு அனலாய்க் கொதிக்கிறது. விமான டிக்கெட்டுக்குக் கொட்டிய பணம், இனி எப்போது வருவோமோ என்ற ஏக்கம், கூட வந்தவர்களின் முகம் எல்லாம் சேர்ந்து, ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு கிளம்பச் சொல்லும்.

நான் ஒருமுறை அப்படிக் கிளம்பி மூன்று நாளை இழந்திருக்கிறேன். அடுத்த பயணத்தில் அம்மாவுக்கு அதே ஊரில் உடம்பு சரியில்லாமல் போனபோது வேறு மாதிரி முடிவெடுத்தோம். அந்த நாளை அம்மா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். இரண்டையும் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். ஊர் கியோட்டோ என்றாலும் டோக்கியோ, ஒசாகாவுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

## எதை வைத்து முடிவு செய்வது

முதலில் காய்ச்சலை அளந்து பாருங்கள், அதுவும் மாத்திரை போடுவதற்கு முன்னால். நாம் நூறு, நூற்றிரண்டு என்று ஃபாரன்ஹீட்டில் பேசிப் பழகியவர்கள். ஜப்பானில் வாங்கும் தெர்மாமீட்டர் செல்சியஸில் காட்டும். 37.5 என்றால் நம் கணக்கில் 99.5. 38 என்றால் 100.4. 39 என்றால் 102.2. அங்கே 37.5 வந்தாலே காய்ச்சல் என்பார்கள். 38-ஐத் தாண்டினால் கடும் காய்ச்சல்.

அடுத்தது வயிறு. மூக்கு ஒழுகினால் சமாளிக்கலாம். வாந்தியோ பேதியோ இருந்தால், கழிவறை எத்தனை நிமிடத் தொலைவில் இருக்கிறது என்பதுதான் அன்றைய வரைபடம்.

மூன்றாவது, பிறருக்குத் தொற்றுமா என்பது. இருமிக்கொண்டே நெரிசலான பேருந்தில் நிற்பது நம் உடம்பை மட்டும் பொறுத்த விஷயம் இல்லை.

நான்காவதைத்தான் பலரும் யோசிப்பதில்லை: திடீரென்று முடியாமல் போனால் படுக்கைக்குத் திரும்ப எவ்வளவு நேரம் ஆகும்? இருபது நிமிடத்துக்குள் என்றால் கொஞ்சம் துணியலாம். ஒரு மணி நேரம் என்றால் கூடாது.

கடைசியாக, நாளைக்கு என்ன வைத்திருக்கிறீர்கள்? நாளை ஊர் மாற வேண்டும், நாளை மறுநாள் விமானம் என்றால் இன்றைய சக்தியைச் செலவழிக்கும் உரிமை உங்களுக்கு அவ்வளவாக இல்லை.

## போட்ட திட்டப்படியே போவது

நான் செய்தது இதுதான். நவம்பர் மாதம், காலையில் 38.1. ஒரு பாராசிட்டமால் போட்டதும் ஒரு மணி நேரத்தில் காய்ச்சல் இறங்கியது, ‘சரி ஆகிவிட்டது’ என்று நம்பினேன். அது காய்ச்சலை மறைத்ததே தவிர நோயைத் தொடவில்லை.

ஃபுஷிமி இனாரிக்குப் போவது எளிது. கியோட்டோ ஸ்டேஷனிலிருந்து ஜே.ஆர். நாரா லைனில் இரண்டாவது நிறுத்தம், இறங்கினால் எதிரிலேயே கோயில். சிக்கல் அதற்குப் பிறகுதான். அது 233 மீட்டர் உயர மலை. சிவப்புத் தோரண வாயில்களுக்குள் முழுதாகச் சுற்றி வந்தால் சுமார் 4 கிலோமீட்டர், இரண்டு மூன்று மணி நேரம். ஊர் முழுவதும் கீழே தெரிகிற யோத்சுத்சுஜி என்ற நாற்சந்திக்குப் போனபோது வியர்வையில் சட்டை நனைந்து, அதன் மேல் குளிர்காற்று அடித்துக்கொண்டிருந்தது. “அக்கா, போதும். இறங்கிடலாம்” என்றாள் தங்கை. “இவ்வளவு தூரம் வந்துட்டோமே” என்றேன். அன்று மாலை 39.2. அடுத்த இரண்டு நாள் ஹிரோஷிமாவில் நான் பார்த்தது ஹோட்டல் அறையின் கூரையை மட்டும்.

மேலுக்குப் பார்த்தால் இதுதான் சிக்கனமான வழி. மாநகரப் பேருந்து ஊரின் பெரும்பகுதிக்குள் எங்கே போனாலும் 230 யென், பேருந்தும் சுரங்க ரயிலும் சேர்ந்த ஒரு நாள் பாஸ் 1,100 யென். ஆனால் பாஸ் வாங்கிவிட்டால் ‘காசுக்குப் பார்த்துவிட வேண்டும்’ என்ற எண்ணம் வந்துவிடும். கின்காகுஜிக்குக் கியோட்டோ ஸ்டேஷனிலிருந்து பேருந்தில் சுமார் 40 நிமிடம், சீசனில் நின்றுகொண்டே. கியோமிசுதெராவுக்குப் பேருந்து நிறுத்தத்திலிருந்து செங்குத்தான மேட்டில் பத்துப் பதினைந்து நிமிடம் ஏற வேண்டும். தெருவில் குப்பைத் தொட்டி கிடைப்பது அரிது, அதனால் பயன்படுத்திய டிஷ்யூ எல்லாம் உங்கள் பையிலேயே வரும். நாலு பேர் நடுவே சத்தமாக மூக்கைச் சிந்துவதும் அங்கே முகம் சுளிக்க வைக்கும்.

37.5-க்குக் கீழே, வெறும் ஜலதோஷம், இரவு தூங்கியிருக்கிறீர்கள், காலையில் சாப்பிட முடிந்தது என்றால் மட்டும் இந்த வழி சரி. அப்போதும் ஏற்றங்களை வெட்டிவிடுங்கள். இனாரியில் செம்போன் தோரி எனப்படும் நெருக்கமான வாயில் வரிசை அடிவாரத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அதைப் பார்த்துத் திரும்பினால் அரை மணி, முக்கால் மணியில் முடிந்துவிடும்.

கோடையில் போகிறவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். மலைகள் சூழ்ந்த பள்ளத்தில் இருக்கும் ஊர் கியோட்டோ. ஜூலை, ஆகஸ்டில் புழுங்கித் தள்ளும். வெயிலில் நடந்த பிறகு தலைவலி, குமட்டல், உடம்புச் சூடு வந்தால் அது வெப்பத் தாக்காக இருக்கலாம். அதற்குப் பாராசிட்டமால் மருந்து இல்லை. உடனே ஏசி இருக்கும் இடம், உப்புச் சேர்ந்த நீர், கழுத்திலும் அக்குளிலும் குளிர்ச்சி. பேச்சு குழறினாலோ நினைவு தடுமாறினாலோ ஆம்புலன்ஸ்தான்.

## ஒரே ஒரு இடம், மதியத்துக்குள் திரும்புவது

லேசான காய்ச்சல் என்றால் என் ஓட்டு இதற்குத்தான். அம்மாவுக்கு 37.6 இருந்த காலையில் நான்கு இடங்களையும் அடித்துவிட்டு, ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருக்கிற தோஜி கோயிலை மட்டும் வைத்துக்கொண்டோம்.

ஸ்டேஷனிலிருந்து தோஜிக்கு நடந்தால் கால் மணி நேரம், டாக்ஸியில் சில நிமிடம். இடம் முழுக்கச் சமதளம். அங்கே இருக்கும் ஐந்தடுக்குக் கோபுரம் சுமார் 55 மீட்டர். ஜப்பானின் மரக் கோபுரங்களிலேயே உயரமானது, இப்போது நிற்பது 1644-இல் கட்டியது. ஆனால் நம்மைக் கட்டிப்போடுவது கோபுரம் இல்லை. விரிவுரை மண்டபத்துக்குள் அரையிருட்டில் 21 சிலைகள். அதில் ஒருவர் யானை மேல் உட்கார்ந்திருக்கிறார், இன்னொருவர் நான்கு அன்னங்கள் தாங்கும் பீடத்தில். பெயர்ப் பலகை ஜப்பானியப் பெயர்களைத்தான் சொல்கிறது: தைஷாகுதென், போன்தென். அம்மாவுக்குப் பலகையே தேவைப்படவில்லை. “இந்திரன், அது பிரம்மா” என்று சொல்லிவிட்டுக் கைகூப்பினார்.

பக்கத்துப் பொன் மண்டபத்தில் இருப்பவர் யாகுஷி, அதாவது மருத்துவ புத்தர். காய்ச்சலோடு போய் அவர் முன்னால் பத்து நிமிடம் சும்மா நின்றது அம்மாவுக்கு மிகவும் பிடித்திருந்தது. பதினொன்றரைக்கு அறைக்குத் திரும்பிவிட்டோம். மதியம் முழுக்கத் தூங்கினார்.

இதே போல இன்னொரு இடம் சன்ஜூசங்கென்தோ. சுமார் 120 மீட்டர் நீள மர மண்டபம், உள்ளே கருணையின் போதிசத்துவரான கன்னோனின் 1,001 சிலைகள். வெயில், மழை, மேடு எதுவும் இல்லை. எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே. முன்வரிசையில் காவல் நிற்கும் 28 தெய்வங்களில் கருடன் இருக்கிறார், கையில் புல்லாங்குழலோடு. ஸ்டேஷனிலிருந்து டாக்ஸிக்குச் சுமார் ஆயிரம் யென். காலணியைக் கழற்ற வேண்டும், குளிர்காலத்தில் அந்த மரத்தரை உறைய வைக்கும், ஆகவே தடித்த சாக்ஸ் எடுத்துப் போங்கள்.

இந்த வழியின் மறைமுகச் செலவு பணத்தில் இல்லை, மனத்தில். கிளம்பி வந்த பிறகு ‘இன்னும் ஒன்று மட்டும்’ என்று தோன்றும். அதற்கு முன்னாலேயே திரும்பும் நேரத்தைக் கூட வருபவரிடம் சொல்லி, அவரைக் கண்டிப்பாக இருக்கச் சொல்லுங்கள். காய்ச்சல் 38-ஐத் தாண்டியிருந்தாலோ வயிறு கெட்டிருந்தாலோ இந்த அரை நாளும் வேண்டாம்.

## உட்கார்ந்தபடியே ஊர் பார்ப்பது

கேட்கும்போது இதுதான் அருமையான யோசனை. டாக்ஸியை மூன்று நான்கு மணி நேரத்துக்கு எடுத்துக்கொண்டு சுற்றலாம், அல்லது ரயிலில் உட்கார்ந்து ஜன்னல் வழியே பார்க்கலாம்.

டாக்ஸிக்கு எளிதாக 20,000 யென்னைத் தாண்டும். நான்கு பேர் பகிர்ந்தால் வலிக்காது. ஆனால் கியோட்டோவின் முக்கிய இடங்கள் காரை விட்டு இறங்காமல் பார்க்கிற மாதிரி இல்லை, வாசலில் இறங்கினாலும் உள்ளே நடக்க வேண்டும். இலையுதிர் சீசனில் கிழக்குப் பக்கச் சாலைகளில் வண்டி ஊர்ந்துதான் போகும். குமட்டல் இருப்பவருக்கு அது தண்டனை. மூடிய காருக்குள் இருமினால் ஓட்டுநரின் கதி என்ன என்பதையும் யோசிக்க வேண்டும்.

ரயில் பரவாயில்லை. ஷிஜோ ஓமியாவிலிருந்து அராஷியாமாவுக்கு வீடுகளுக்கு நடுவே நெளிந்து போகும் ராண்டென் என்ற சின்ன ரயில், 7 கிலோமீட்டருக்குச் சற்று மேல், அரை மணிக்குள். புறப்படும் நிலையத்திலேயே ஏறினால் உட்கார இடம் கிடைக்கும். கால் சுளுக்கு, முழங்கால் வலி, பயணக் களைப்பு, மாதவிடாய் வலி உள்ளவர்களுக்கு இதைத் தாராளமாகச் சொல்வேன். காய்ச்சலுக்குச் சொல்லமாட்டேன், ஏனென்றால் அறையிலிருந்து விலகிக்கொண்டே போகிறீர்கள்.

## அறையிலேயே படுத்திருப்பது

38-க்கு மேல் போனால், வாந்தி பேதி இருந்தால், ஃப்ளூவோ கோவிடோ என்று சந்தேகம் இருந்தால் இதுதான். கோவிடுக்கு 2023 மே மாதத்திலிருந்து கட்டாயத் தனிமை கிடையாது. இருந்தாலும் அறிகுறி தொடங்கி ஐந்து நாள் வெளியே போவதைத் தவிர்க்கும்படிதான் சொல்கிறார்கள். இரண்டையும் சேர்த்துச் சோதிக்கும் கிட் மருந்துக் கடைகளில் கிடைக்கிறது. மருந்தாளுநர் இருக்கும் நேரத்தில்தான் தருவார்கள்.

சாப்பாட்டுக்கு ஜப்பான் மாதிரி வசதியான ஊர் கிடையாது. செவன் இலெவன், லாசன், ஃபேமிலி மார்ட் என்று ஏதாவது ஒரு கடை பக்கத்திலேயே இருக்கும். ‘ஒகாயு’ என்று கேளுங்கள், பொட்டலத்தில் கஞ்சியே கிடைக்கும். சைவக்காரர்கள் வெறும் வெள்ளைக் கஞ்சியாகப் பார்த்து வாங்குங்கள். முட்டை, மீன் சேர்ந்த வகைகளும் உண்டு, சூப்பு வகைகளில் பெரும்பாலும் மீன் சாறு இருக்கும். குடிக்க போகாரி ஸ்வெட் என்ற உப்பும் சர்க்கரையும் சேர்ந்த பானம் எங்கும் கிடைக்கும். பேதிக்கு அதைவிட ஓ.எஸ்.1 நல்லது, நம் ஊர் ஓ.ஆர்.எஸ். மாதிரியானது, மருந்துக் கடையில் கேளுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் போகாரியில் இனிப்பு கணிசம் என்பதை மறக்க வேண்டாம்.

மருந்தில்தான் தவறு நடக்கிறது. ஜப்பானில் பாராசிட்டமாலுக்கு அசெட்டமினோஃபென் என்று பெயர். அங்கே விற்கும் டைலெனால் மாத்திரை ஒன்றில் 300 மில்லிகிராம்தான், நம் ஊர் 650-இல் பாதிகூட இல்லை. ‘வேலை செய்யவில்லையே’ என்று பாப்ரான் போன்ற சளி மருந்தையும் சேர்த்துப் போடுகிறார்கள். பல சளி மருந்துகளுக்குள் அதே அசெட்டமினோஃபென் ஏற்கெனவே இருக்கிறது, தூக்கம் வரவைக்கும் மருந்தும் இருக்கிறது. இரண்டையும் சேர்க்காதீர்கள். ஊரிலிருந்து மருந்து கொண்டுபோகும்போதும் பாருங்கள்: மூக்கடைப்பு மாத்திரைகளில் சேர்க்கும் சூடோஎஃபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் உள்ள மருந்தை ஜப்பானுக்குள் கொண்டுபோகத் தடை.

இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து போய்ச் சேர்ந்து இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் என்றால், அது நீங்கள் கூடவே கொண்டுவந்த டெங்குவாகவும் இருக்கலாம். அது இல்லை என்று தெரியும்வரை ஈவ், பஃபரின், லோக்சோனின் போன்ற வலி மாத்திரைகளைத் தொட வேண்டாம். இப்யூப்ரோஃபென், ஆஸ்பிரின் வகைகள் ரத்தக்கசிவைக் கூட்டும். அசெட்டமினோஃபென் மட்டும் போதும்.

கூட வந்தவர்கள் என்ன செய்வது? போகச் சொல்லுங்கள். தண்ணீர், கஞ்சி, சார்ஜர் எல்லாம் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை செய்தி அனுப்புவது என்று பேசிக்கொண்டால் போதும். ஒருவருக்கு முடியவில்லை என்று நான்கு பேரும் அறையில் முகம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் படுத்திருப்பவருக்குத்தான் குற்ற உணர்ச்சி. குழந்தை, வயதானவர், நிற்கவே முடியாதவர் என்றால் மட்டும் ஒருவர் கூட இருக்க வேண்டும்.

## முதலில் மருத்துவரிடம் போவது

செலவுக்குப் பயந்து தள்ளிப்போடுவதுதான் நம் வழக்கம். பயத்தில் நியாயம் உண்டு: ஜப்பான் காப்பீடு இல்லாத பயணிக்கு முழுத் தொகையும் நம் பொறுப்பு, சில இடங்களில் வெளிநாட்டவருக்கு அதைவிடக் கூடுதல். சின்ன கிளினிக்கிலேயே பத்தாயிரம் யென்னுக்கு மேல் ஆகலாம். பரிந்துரைக் கடிதம் இல்லாமல் நேராகப் பெரிய மருத்துவமனைக்குப் போனால் முதல் முறை வருகைக்கென்று தனியாக 7,000 யென் அல்லது அதற்கு மேல் சேரும். அதனால் சாதாரணக் காய்ச்சலுக்குக் கிளினிக்தான். பயணக் காப்பீடு இருந்தால் கிளம்பும் முன்பே அவர்களைக் கூப்பிடுங்கள். எந்த இடம் போகலாம், பணம் நேரடியாகக் கட்டுவார்களா என்று கேளுங்கள்.

நேரமும் ஒரு செலவு. கிளினிக்குகள் மதியம் நீண்ட இடைவேளை விடும். ஞாயிறும் அரசு விடுமுறையும் பெரும்பாலும் மூடியிருக்கும், வாரத்தின் நடுவிலும் ஒரு நாள், அரைநாள் விடுமுறை விடும் இடங்கள் பல. ஆகவே காலையிலேயே போக வேண்டும். காய்ச்சல் உள்ளவர் சொல்லாமல் நுழைவதை விரும்பமாட்டார்கள், ஹோட்டல் வரவேற்பில் சொல்லி முதலில் போன் செய்யச் சொல்லுங்கள். மருந்தும் அங்கேயே கிடைக்காமல் போகலாம். சீட்டை எடுத்துக்கொண்டு தனி மருந்தகத்துக்குப் போக வேண்டியிருக்கும், அந்தச் சீட்டு நான்கு நாள்தான் செல்லும். எப்படியும் அரை நாள் போய்விடும்.

எங்கே போவது என்று தெரியாவிட்டால் ஜப்பான் சுற்றுலா அமைப்பின் 24 மணி நேர உதவி எண் 050-3816-2787, ஆங்கிலத்தில் பேசலாம். ‘நெட்சு’ என்றால் காய்ச்சல், ‘கெரி’ என்றால் பேதி, ‘ஹாகிகே’ என்றால் குமட்டல். இந்த மூன்று சொல் போதும், மீதியைக் கைபேசி மொழிபெயர்க்கும். எந்த நாட்டிலிருந்து எந்தத் தேதியில் வந்தீர்கள் என்பதை அவர்கள் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, குழப்பம், கழுத்து விறைப்பு, குடித்த தண்ணீர்கூட வயிற்றில் தங்காத நிலை, ரத்தம் என்றால் கிளினிக் தேட வேண்டாம். 119. ஆம்புலன்ஸுக்குக் கட்டணம் இல்லை, சிகிச்சைக்குத்தான்.

## ஒரே பார்வையில்

| வழி | எப்போது சரி | எப்போது கூடாது | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|
| முழுத் திட்டம் | 37.5-க்குக் கீழ், வெறும் ஜலதோஷம் | காய்ச்சல், நாளை ஊர் மாற்றம் | அடுத்த இரண்டு மூன்று நாள் |
| ஒரே இடம் | 38-க்குக் கீழ், இருமல் குறைவு | வயிற்றுக் கோளாறு | ‘இன்னும் ஒன்று’ என்ற ஆசை |
| உட்கார்ந்தபடி | கால் வலி, களைப்பு | காய்ச்சல், குமட்டல் | டாக்ஸிக் கட்டணம், திரும்பும் தூரம் |
| அறை | 38-க்கு மேல், வாந்தி, தொற்று | அபாய அறிகுறி | அறையைக் காலி செய்யும் நேரம் |
| மருத்துவர் | மூன்று நாள் காய்ச்சல், டெங்கு சந்தேகம், நாள்பட்ட நோய் (அபாய அறிகுறி என்றால் 119) | முதல் நாள் லேசான சளிக்கு அவசரம் இல்லை | அரை நாள், முழுக் கட்டணம் |

## அறையைக் காலி செய்யும் நாளாக இருந்தால்

மேலே சொன்ன எல்லாம் உங்களுக்கு அறை இருக்கிறது என்று வைத்துச் சொன்னவை. ஜப்பானில் காலை 10 அல்லது 11 மணிக்குக் காலி செய்ய வேண்டும், அடுத்த ஹோட்டலில் பெரும்பாலும் பிற்பகல் 3 மணிக்குத்தான் அறை தருவார்கள். நடுவில் நான்கைந்து மணி நேரம் காய்ச்சலோடு தெருவில் நிற்க வேண்டியிருக்கும். தெருவில் உட்கார பெஞ்சு கிடைப்பதும் எளிதல்ல.

எழுந்ததும் முடியவில்லை என்று தெரிந்தால், எட்டு மணிக்கே வரவேற்பில் பேசுங்கள். கூடுதல் மணி நேரத்துக்குக் கட்டணம் கட்டித் தங்கலாமா, இன்னொரு இரவு கிடைக்குமா என்று கேளுங்கள். அந்த அறை அன்று வேறு யாருக்கும் போகவில்லை என்றால் ஒத்துக்கொள்வார்கள். பத்து மணிக்குக் கேட்டால் காலம் கடந்துவிடும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். வரவேற்பிலேயே கூரியரில் அடுத்த ஹோட்டலுக்கு அனுப்பலாம். பொதுவாக மறுநாள்தான் போய்ச் சேரும் என்பதால் மருந்து, பாஸ்போர்ட், ஒரு மாற்றுத் துணியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஷிங்கன்சென் என்ற அதிவேக ரயிலின் டிக்கெட்டைப் பற்றிக் கலங்க வேண்டாம். இருக்கை முன்பதிவு செய்த சாதாரண டிக்கெட்டை, வண்டி கிளம்புவதற்குள் ஒருமுறை கட்டணம் இல்லாமல் வேறு வண்டிக்கு மாற்றிக்கொள்ளலாம். தூங்கிப்போய் வண்டியையே விட்டுவிட்டாலும் அதே நாளில் முன்பதிவில்லாத பெட்டியில் ஏறிக்கொள்ளலாம். தள்ளுபடி டிக்கெட்டுகளுக்கு விதி வேறு, வாங்கும்போதே பார்த்து வையுங்கள். மாற்றுவதாக இருந்தால் மாலை வண்டிக்கு மாற்றுங்கள். ஹிரோஷிமாவுக்குக் காலை வண்டியைப் பிடித்தே தீருவேன் என்று நான் நின்றபோது, தங்கை என்னோடு சேர்த்து என் பெட்டியையும் தூக்க வேண்டியிருந்தது.